பாதி டம்ளருக்கு அப்புறம்

"எனக்கு நியாயம் எல்லாம் வேண்டாம் சார். அவ கதறணும். அதை நான் நின்னு பார்க்கணும்."

வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே இப்படி ஆரம்பித்த கட்சிக்காரியை வெடி தன் ஏழு வருஷ உத்தியோகத்தில் பார்த்ததில்லை. பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. வெடி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. வாய் அப்படி. முப்பத்து நாலு வயதுக்குள் இரண்டு வேலைகளையும் ஒரு கல்யாணப் பேச்சையும் அந்த வாயாலேயே கெடுத்துக்கொண்டு, கடைசியில் கொட்டாவி சாரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவள்.

கொட்டாவி சாருக்கும் அது காரணப் பெயர்தான். துப்புக் கிடைத்தால் மற்ற துப்பறிவாளர்களுக்குப் புருவம் உயரும், மீசை துடிக்கும். இவருக்குக் கொட்டாவி வரும். காலை பத்து மணிக்கு இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவர் வாய் மூடியே இருந்தது.

கட்டிலில் அப்பா சாய்ந்திருந்தார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கியவர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது. கூடவே, போகும் என்று யாரும் நினைத்தே பார்க்காத ஒன்றும் போனது. விழுங்கும் வித்தை. குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் வழி தவறி நுரையீரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். பன்னிரண்டு நாளுக்கு முன் இரண்டாவது தடவை. முந்தாநாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், மூன்றாவது தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லி.

தலைமாட்டில், விழுங்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் எழுதி ஒட்டிய தாளை வெடி வாய்விட்டு வாசித்தாள். "நிமிர்ந்து உட்கார வைக்கவும். தாடை நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். ஒரு வாய்க்குச் சின்ன ஸ்பூன். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லவும். குரலில் ஈரம் கேட்டால் நிறுத்தவும். கன்னத்துக்குள் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா பார்க்கவும். முடித்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீரோ பாலோ, கெட்டியாக்கும் தூள் கலந்து தேன் பதத்தில் மட்டும்." மூச்சு வாங்கினாள். "நம்ம ஆபீஸ்ல வேலைக்குச் சேரவே இத்தனை ரூல் இல்ல சார்."

"இதுல ஒண்ணு தப்பினாலும் அப்பா இல்ல," என்றாள் மகள். "அவளுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சா."

அவள் என்றால் சிஸ்டர். காலை எட்டு மணியிலிருந்து சாயந்திரம் ஆறு மணிவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஹோம் நர்ஸ். மகள் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர். எட்டுக்கு முன்னாலும் ஆறுக்குப் பின்னாலும் அப்பா மகள் பொறுப்பு.

பேசிக்கொண்டே மகள் டம்ளர் தண்ணீரில் தூளைப் போட்டுக் கலக்கினாள். ஸ்பூனைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். தேன் பதம். ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் வாயில் விட்டு, நாக்கில் உருட்டி விழுங்கிவிட்டு, ஸ்பூனை டம்ளரில் போட்டாள்.

"ஒவ்வொரு டம்ளரும் நான் ருசி பார்த்துத்தான் குடுப்பேன். ஏர்போர்ட்ல கைக்குழந்தைக்குக் கொண்டு வர்ற பாலைக்கூட ஒரு வாய் குடிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள விடுவோம். என் அப்பாவுக்குப் போறதைச் சும்மா விடுவேனா?"

இப்படி ஒரு மகள் கிடைக்க அந்த மனுஷன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வெடி மனதார நினைத்தாள்.

மகள் ஊட்டினாள். நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்தி, ஒரு வாய் கொடுத்துவிட்டு ஸ்பூனை டம்ளரில் வைத்து, அவர் விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த வாய். எல்லாம் தாளில் எழுதியபடி. அப்பாவும் சமர்த்தாகக் குடித்தார். பாதி டம்ளர் ஆனதும் இடது கை எழுந்து டம்ளரைத் தள்ளியது.

"தினம் இப்படித்தான். பாதிவரைக்கும் நல்லாக் குடிப்பார். அப்புறம் அடம். வேண்டாம்னா எப்படிப்பா, உடம்புல தண்ணி வத்திடும்ல." இன்னொரு ஸ்பூன். அப்பா இருமினார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"போதும், நிறுத்துங்க," என்றார் கொட்டாவி சார். அவர் குரல் உயர்ந்து வெடி கேட்டது அதுதான் முதல் தடவை. "அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். இனிமே நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்காதீங்க. அன்னைக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்க."

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாள் முன்பு மகள் மதியமே வீடு திரும்பினாள். சிஸ்டர் அப்போதுதான் ஒரு டம்ளர் கலந்து மேஜையில் வைத்திருந்தாள். மகள் வழக்கம்போல் ஒரு ஸ்பூன் ருசி பார்த்தாள். கெட்டியாக, சரியான பதத்தில் இருந்தது. ஸ்பூனை டம்ளரில் போட்டுவிட்டு எதிர் அறைக்குப் போய் யூனிஃபாரத்தை மாற்றினாள். பத்து நிமிஷம். திரும்பி வந்து டம்ளரைச் சாய்த்தால், தண்ணீர். அன்று சாயந்திரமே அப்பாவுக்குக் காய்ச்சல்.

"அந்தப் பத்து நிமிஷத்துல ரூம்ல இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவர். இன்னொருத்தி அவ. கேட்டா, 'நான் தொடவே இல்ல மேடம்'ங்கறா. விட்டேன் ரெண்டு அறை. மூணாவதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பிடிச்சுட்டாங்க." அந்த மூன்றாவது அறை இன்னும் மகளின் கையிலேயே இருந்தது. விரல்கள் மடங்கி விரிந்தன. "போட்டோ போட்டு எல்லா நர்ஸிங் ஏஜென்சிக்கும் அனுப்பிட்டேன். இனிமே எந்த வீட்டுலயும் அவளை வாசப்படி ஏத்த மாட்டாங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட். கொலை முயற்சி. கேஸ் நிக்கற மாதிரி ஆதாரம் மட்டும் நீங்க தேடிக் குடுங்க."

மேஜையில் இரண்டு பக்கப் புகார் தயாராக இருந்தது. கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது.

"வீடியோ இருக்குன்னு போன்ல சொன்னீங்களே," என்றார் சார்.

மகள் செல்போனை நீட்டினாள். அன்றைக்கு ஆத்திரத்தில் எடுத்தது, படம் ஆடியது. டம்ளர் சாய்கிறது, வெள்ளையாகக் கலங்கிய திரவம் சளசளவென்று கிண்ணத்தில் விழுகிறது, பின்னால் சிஸ்டர் கன்னத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். சார் இரண்டாவது முறை ஓடவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"கெட்டியா இருந்ததை அவங்க எங்க கொட்டியிருப்பாங்க?"

"சமையலறை சிங்க்ல."

"நீங்க டிரெஸ் மாத்தின ரூமைத் தாண்டித்தானே போகணும்?"

"பூனை மாதிரிப் போயிருப்பா."

"போய்க் கொட்டி, டம்ளரைக் கழுவி, தண்ணி பிடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. சரி. ஆனா ஸ்பூன் காம்புல பாருங்க, வெள்ளையாக் கட்டி அப்படியே ஒட்டியிருக்கு. டம்ளரைக் கழுவினவங்க ஸ்பூனை ஏன் கழுவல? பிடிச்சது நல்ல தண்ணின்னா இது ஏன் இப்படிக் கலங்கலா இருக்கு?"

"அவசரத்துல விட்டிருப்பா சார். உங்களைக் கூப்பிட்டது அவளுக்குப் பரிஞ்சு பேசவா?" என்று மகள் சீறினாள்.

 சாருக்குக் கொட்டாவி வந்துகொண்டிருந்தது.

*

சிஸ்டர் குடியிருந்தது ஒரு சலவைக் கடையின் மாடியில். ஏஜென்சிகள் கதவைச் சாத்தியதால் இப்போது கீழே கடையிலேயே ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒல்லி. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்தம்மா அனுப்பினாங்களா? இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்குன்னு சொல்லுங்க."

அவளை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வழியெல்லாம் கேள்விகளைத் தீட்டிக்கொண்டு வந்திருந்த வெடிக்கு வாய் அடைத்துப்போனது. இது அபூர்வம்.

"ஐயா எப்படி இருக்கார்?" என்று கேட்டது சிஸ்டர்தான். "உட்கார வைச்சுத்தானே குடுக்கறாங்க? கன்னத்துக்குள்ள விரல் விட்டுப் பார்க்கறாங்களா? வலது பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்ல, சோறு ஒதுங்கினாத் தெரியாது."

"உங்ககிட்ட அவர் பாதி டம்ளருக்கு அப்புறம் அடம் பிடிப்பாரா?" என்றார் சார்.

"அடமா? என்கிட்டயா? முழுசும் குடிப்பார். அந்தம்மா குடுக்கறப்பதான் தள்ளுவார். மக மேல என்னவோ கோவம்னு நினைச்சுக்கிட்டேன்."

"நீங்க எப்படிக் குடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

சிஸ்டர் முறைத்தாள். பிறகு ஒரு டம்ளரையும் இரண்டு சின்னக் கிண்ணங்களையும் எடுத்தாள். டம்ளரிலிருந்து நாலு வாய் அளவு கிண்ணத்தில் ஊற்றினாள். அதிலிருந்து ஊட்டுவதுபோல் காட்டினாள். அது முடிந்ததும் கிண்ணத்தையும் ஸ்பூனையும் ஒதுக்கிவிட்டு அடுத்த கிண்ணம், அடுத்த ஸ்பூன். "வாயில வைச்ச ஸ்பூன் டம்ளருக்குத் திரும்பப் போகக் கூடாது. நான் முதல்ல வேலை பார்த்த ஆஸ்பத்திரியில பெரிய சிஸ்டர் அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. ஏன்னு கேட்டா, 'சொன்னதைச் செய்'ம்பாங்க. செஞ்சு செஞ்சு பழகிடுச்சு."

"தூள்ல ஏதாவது மாத்தம் பார்த்தீங்களா?"

"மூணு வாரமா. டப்பா அதேதான், உள்ள இருக்கறது வேற. பழசு கலந்தா தண்ணி கண்ணாடியா இருக்கும். புதுசு வெள்ளையாக் கலங்கும், கட்டி தட்டும். மேடம்கிட்ட கேட்டேன். 'உனக்கு எதுக்கு அந்தக் கவலை'ன்னாங்க. அப்புறம் டப்பாவை அலமாரியில வைச்சுப் பூட்டி, எனக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்து வைச்சுட்டுப் போனாங்க."

சாருக்கு வந்த கொட்டாவியில் தாடை எலும்பு சத்தம் போட்டது. தள்ளி நின்று தெரபிஸ்டுக்குப் போன் செய்தார். இரண்டே கேள்வி. போனை வைத்துவிட்டு வெடியைப் பார்த்து, "கிளம்பு," என்றார்.

"அந்தம்மாவை நீங்க என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?" வெடிதான் கேட்டாள், கிளம்பும் முன். கேட்காமல் இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

சிஸ்டர் ஒரு விரிப்பை உதறினாள். "என் பையன் காலேஜ்ல இருக்கான். அம்மா கொலைகாரின்னு போட்டோ போட்டு வந்ததை அவனோட ஃப்ரெண்டு காட்டியிருக்கான். பத்து நாளா என்கூடப் பேசலை. அந்தம்மாவை என்ன செய்யணும்னா..." விரிப்பை நாலாக மடித்து ஓங்கித் தட்டினாள். "அவங்களுக்கு வலிக்கணும். இதே அளவு. குறைச்சலா வேண்டாம்."

காலையில் கட்சிக்காரிக்காகக் கொதித்த வெடியின் ரத்தம் இப்போது அதே சூட்டோடு இந்தப் பக்கம் கொதித்தது. சார் தெருமுனையில் ஆட்டோ தேடிய நேரத்தில் அவள் திரும்பி ஓடிவந்து, "நாலு மணிக்கு அந்த வீட்டு மாடிப்படியில வந்து நில்லுங்க. உள்ள வராதீங்க. நான் கூப்பிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சாரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

*

நாலு மணிக்கு மகள் வெளியே கிளம்பத் தயாராகப் புகாரைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆதாரம் கிடைச்சதா?"

"கிடைச்சது," என்றார் சார். "யார்னு தெரிஞ்சுடுச்சு. பத்து நிமிஷத்துல காட்டறேன். அதுக்குள்ள கம்ப்ளெயின்டை ஒரு தடவை வாசிச்சுடுங்க, ஏதாவது திருத்தணும்னா திருத்தலாம். முதல்ல ரெண்டு டம்ளர் கலந்து வைங்க."

மகள் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து இரண்டு டம்ளர் கலந்தாள். இரண்டும் வெள்ளையாக, தேன் பதத்தில் நின்றன.

"ஒண்ணை மட்டும் எப்பவும் போல ருசி பாருங்க."

மகள் ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு ஸ்பூனை டம்ளரில் போட்டாள். இன்னொன்றை யாரும் தொடவில்லை. சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.

"நான் கைகட்டி நிக்கறேன், பாத்துக்கங்க," என்றாள் வெடி. "அப்புறம் நான் மாத்திட்டேன்னு எனக்கு ரெண்டு விட்டுடாதீங்க."

மகள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். தமிழில் உள்ள கடுமையான சொற்களில் ஒன்றையும் மிச்சம் வைக்காத புகார். "'...என் தந்தை வாய் பேச முடியாதவர் என்பதைச் சாதகமாக்கிக்கொண்டு, அவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே, நீர்த்த திரவத்தை அவருக்குப் புகட்டி, இருமுறை சாவின் விளிம்புக்குத் தள்ளிய...'"

"இருமுறை இல்ல," என்றார் சார். "முதல் தடவை ஆஸ்பத்திரியில. அப்ப சிஸ்டர் வேலைக்கே சேரலை."

மகள் பேனாவால் அதை மட்டும் அடித்தாள். மிச்சத்தை வாசித்து முடித்தாள். கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனது.

சார் தொடாத டம்ளரைச் சாய்த்தார். கெட்டியாக, சோம்பேறித்தனமாக நகர்ந்து விளிம்பில் தொங்கியது. ருசி பார்த்த டம்ளரைச் சாய்த்தார். சளசளவென்று கிண்ணத்தில் விழுந்தது.

 மகள் கிண்ணத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், கைகட்டி நின்ற வெடியைப் பார்த்தாள்.

"தூளை எப்ப மாத்தினீங்க?" சாரின் குரல் தணிந்திருந்தது.

"மூணு வாரம்... பழையது ஸ்டாக் இல்லன்னு சொன்னாங்க. இதுவும் அதே வேலைதான் செய்யும்னு கடைக்காரர்... அளவு ஸ்பூன் பழைய டப்பாவுலதான் இருந்தது. அதான் அதுலயே கொட்டிட்டேன்."

"பழையது பிசின் வகை. எச்சில் பட்டா ஒண்ணும் ஆகாது. புதுசு மாவு. வாயில ஊறுற எச்சிலுக்கு முதல் வேலையே மாவைக் கரைக்கறதுதான். வாயில வைச்ச ஸ்பூன் டம்ளருக்குள்ள போச்சுன்னா, அந்த நிமிஷத்துலேர்ந்து அது கரைய ஆரம்பிச்சுடும். அன்னைக்கு மதியம் நீங்க ருசி பார்த்து ஸ்பூனை உள்ள போட்டுட்டுப் போனீங்க. யாரும் தொடலை. தானாவே இளகிடுச்சு. தெரபிஸ்ட்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டேன்."

"ஆனா அதை அப்பா குடிக்கவே இல்லையே. அன்னைக்குக் காய்ச்சல் வந்ததே."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வெடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் பார்க்கத்தான் சலவைக் கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் வாயில வைச்ச ஸ்பூனை டம்ளர்ல வைக்கறதே இல்ல," என்றாள் வெடி. சார் கண்ணால் தடுத்தும் நிறுத்தவில்லை. "அவங்க குடுத்த டம்ளர் கடைசிவரைக்கும் கெட்டியா இருந்தது. நீங்க காலையிலயும் ராத்திரியும் குடுத்தீங்களே, உங்க எச்சிலும் அவர் எச்சிலும் சேர்ந்து, பாதி டம்ளருக்கு அப்புறம் அது வெறும் தண்ணி. அடியில இளகியிருந்ததை நீங்க கவனிக்கவே இல்லையா?"

"கலக்கினது போதலைன்னு நினைச்சேன்." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அவர் கவனிச்சார். தினமும் கையால தள்ளித் தள்ளிச் சொன்னார். நீங்க அடம்னு சொல்லி ஊட்டுனீங்க."

மகள் மெதுவாகக் கட்டிலின் பக்கம் திரும்பினாள். அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இடது கையை நீட்டினார். அவள் போய்ப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கத் துணிவில்லாமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெடி கதவைத் திறந்து, "வாங்க," என்றாள்.

சிஸ்டர் உள்ளே வந்தாள். படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மகள் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள். சிஸ்டர் அவளைத் தாண்டிப் போனாள். குழாயில் கை கழுவினாள். யாரும் தொடாத அந்த டம்ளரைத் தூக்கிச் சாய்த்து, பதம் பார்த்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து இரண்டு கிண்ணங்களும் இரண்டு ஸ்பூன்களும் எடுத்து வந்தாள். அப்பாவின் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள், தாடையை ஒரு விரலால் தாழ்த்தினாள்.

காலையில் குடித்த பாதி டம்ளருக்கு அப்புறம் தொண்டை நனையாத மனுஷன். கிண்ணம் கிண்ணமாக முழு டம்ளரையும் குடித்தார். இடது கை எழவே இல்லை.

"ஐயா, ஆ சொல்லுங்க."

"ஆ," என்றார். ஈரம் இல்லாத காய்ந்த குரல்.

கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, சிஸ்டர் எழுந்தாள். அப்போதுதான் மகளுக்கு நேராக வந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சிடு," என்றாள் மகள். அழுகை வராமல் முகம் கோணியது. "கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

"கால்ல விழுந்து என் பையன் என்கூடப் பேசிடுவானா?" சிஸ்டர் மேஜையில் கிடந்த புகாரை எடுத்து அவளிடம் நீட்டினாள். "என் பேர் இருக்கற இடத்துல எல்லாம் அடிச்சுட்டு உங்க பேரை எழுதுங்க."

வெடி சாரைப் பார்த்தாள். தடுப்பார் என்று நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மகள் பேனாவை எடுத்தாள். இரண்டு பக்கத்தில் ஒன்பது இடம். ஒவ்வொன்றாக அடித்து, மேலே தன் பெயரை எழுதினாள். 'உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே' என்ற வரிக்கு வந்தபோது கை நின்றது. சிஸ்டர் அந்த வரியைப் பார்த்தாள். "தெரிஞ்சேங்கறதை அடிச்சுடுங்க," என்றாள். "பொய் எதுக்கு."

எழுதி முடித்ததும் அதைப் படம் எடுக்கச் சொன்னாள். தன் போட்டோ எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் அதை அனுப்பச் சொன்னாள். மகள் ஒவ்வொரு ஏஜென்சியாக அனுப்பியதைப் பக்கத்தில் நின்று எண்ணினாள். பிறகு தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கம்ப்ளெயின்டைக் குடுக்கப் போறீங்களா?" வெடியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது ஐயா உடம்பைப் பொறுத்தது." சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில எட்டு மணிக்கு வரேன். அதுவரைக்கும் நீங்கதான் ஊட்டணும். டம்ளர்ல பாதிக்கு மேல தள்ளினார்னா, அவர் சொல்றதைக் கேளுங்க."